கமறும் பிடில் பெட்டி

அம்மா என்னை ‘நர்ஸம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பிடில் பெட்டியைத் தூசி தட்டி வெளியே எடுத்தேன். பாளையம்பட்டிப் பக்கம் ஒரு பங்களாவுக்கு அப்பா காவல் இருந்தார். அதைக் காலி செய்தவர்கள் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன பெட்டி. கண்ணாடிக் கதவுக்குள் ஒரு பிடில் நிற்கும். குதிரைமுடி கட்டிய வளையம் அதைச் சுற்றிச் சுழன்று தந்திகளை உரசும். ஓட்டை போட்ட காகிதச் சுருள் ஓட ஓட, இரும்பு விரல்கள் தந்தியை அழுத்தும். வாசிக்க ஆளே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு விட்டு வந்ததும் அப்பா அதை ஓட்டிவிடுவார். அதன் முன்னால் உட்கார வைத்து அம்மா எனக்குத் தலை பின்னுவாள். அந்தப் பாட்டைக் கேட்டாலாவது என்னை அடையாளம் தெரியாதா என்று ஒரு நப்பாசை.

மதுரையில் ஆர்மோனியம் ரிப்பேர் செய்யும் ஒருவர் மாதக்கணக்கில் வைத்திருந்து சரிசெய்தார். அவர் கடையில் கணீரென்று பாடியது. லோடு வண்டியில் திருச்சுழிக்கு வந்து இறங்கியதும் அம்மாவின் அறையில் வைத்தேன். சமையலை முடித்துவிட்டு வந்து ஆசையாக ஓட்டினால், வெறும் கமறல். தொண்டை கட்டியவன் பாடுகிற மாதிரி.

ரிப்பேர் செய்தவரைப் போனில் கேட்டேன். “முடி வழுக்குதும்மா. ஸ்பிரிட்டுல தொடச்சுட்டு ரோசின் போடுங்க” என்றார். முடி தந்தியைப் பிடிப்பதற்காகத் தேய்க்கும் பிசின் கட்டிதான் ரோசின். துடைத்து, காயட்டும் என்று கதவைத் திறந்துபோட்டு, பாத்திரம் கழுவிவிட்டு வந்து ரோசினைத் தேய்த்து ஓட்டினேன். கமறல். இரும்பு விரல்களை அசைக்கும் துருத்தியில் காற்று ஒழுகுகிறதா என்று ஊதுபத்திப் புகையைக் காட்டிப் பார்த்தேன். தந்தியை மாற்றினேன். மறுபடி துடைத்தேன். “ஒங்க ஊரு வெயிலுக்கு ரோசின் உருகுதோ என்னமோ” என்றார் அவர். அம்மாவின் பேச்சோ நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. இவள் வாய் மூடுவதற்குள் இது வாய் திறக்காதா என்று ஆத்திரம் தாங்காமல் பெட்டியை உதைத்தேன். “கோவப்படாதீக நர்ஸம்மா” என்றாள். அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அப்புறம் ஒருநாள், துடைத்துப்போட்டுப் போனவள் மறந்துவிட்ட துணியை எடுக்கத் திரும்பி வந்தேன். பெட்டி முன்னால் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் தேங்காயெண்ணெய்க் கிண்ணம். விரலில் தொட்டுத் தொட்டு, குதிரைமுடியை நுனிவரை நீவிக்கொண்டிருந்தாள்.

“தலைய ஆட்டாதடி பாப்பா. இம்புட்டு வறண்டு கெடக்கே முடி.”

எண்ணெய் வாடை உனக்குத் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். அம்மாவின் அறையில் எப்போதும் அந்த வாடைதான். பாப்பா என்பது நான்தான்.

அவள் பக்கத்தில் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தேன். என் முடியும் எண்ணெய் கண்டு நாளாகியிருந்தது. “எனக்கு வச்சு விடும்மா” என்றேன்.

அவள் கை நின்றது.

“செத்த இருங்க நர்ஸம்மா” என்றாள். “எம்புள்ளைக்கு வச்சு முடிச்சுட்டு வாரேன்.”

அதற்குப் பிறகு அந்த முடியை நான் துடைக்கவில்லை.