ஆயாவுக்கே புரிந்துவிட்டதாம்!

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். மறதியும் உண்டு. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் நிமிர்ந்து பேசிப் பழக்கமில்லாத நான் இதை எழுத உட்கார்ந்ததே வயிற்றெரிச்சல் தாங்காமல்தான்.

போன வருஷம் நடந்தது. ஜெயங்கொண்டம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை எனக்கு. அங்கே கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். நான் கூட்டி முடித்ததும் வெளியே வந்துவிடுவேன். அதில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ், நமக்கென்ன என்று திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

புதிதாக வந்த டீச்சர், பிள்ளைகளுக்குத் தமிழிலேயே புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுத்தார். கம்ப்யூட்டருக்கு இடுகிற கட்டளையெல்லாம் தமிழ். எட்டாவது படிக்கிற ஒரு பெண், முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவளின் மகள், ஒருநாள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

"ஆயா, இதப் படிங்க."

"எனக்கென்னடி தெரியும்?"

"எழுத்துக் கூட்டிப் படிங்க ஆயா, கரண்டு ஒண்ணும் அடிக்காது."

படித்தேன். வெயில் அடிக்கிறது என்றால் கொட்டையைக் காயப் போடு. இல்லை என்றால் தார்ப்பாய் போட்டு மூடு. எல்லாம் அவள் எழுதியது. வெயில் அடிக்கிறதா என்று கம்ப்யூட்டர் கேட்டது. இல்லை என்று தட்டினாள். மூடச் சொன்னது. மழை திரண்டால் எங்கள் தெருவே போடுகிற கூச்சல், அந்தப் பெட்டிக்குள் எழுத்தாக வந்து நின்றது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அரியலூரில் நடக்கிற பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஒரு பிள்ளையைத் தேர்வு செய்ய வெளியூரிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். வாசலில் கோலம் போட்டு, கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்திருந்தோம். அந்தப் பெண் அரியலூருக்குப் போகப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டே வந்திருந்தாள்.

அவர் திரையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, எல்லாம் தமிழ்ல இருக்கு?"

"யோசிக்கிற முறை வந்துட்டா, அப்புறம் இங்கிலீஷ்லயும் எழுதிடுவாங்க சார்" என்றார் டீச்சர். வந்தவர் காதில் வாங்கவில்லை.

டீத் தட்டோடு நின்ற எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ. "நல்லா இருக்குங்க சார். நான் படிச்சேன், எனக்கே புரிஞ்சுதுங்க" என்றேன். பிள்ளைக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்றுதான்.

அவர் தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா சார்? கூட்டுற ஆயாவுக்கே புரியுதாம். அப்புறம் இதுக்குப் பேரு கம்ப்யூட்டர் படிப்பா?"

தலைமையாசிரியர் சிரித்தார். அவர் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள். நான் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே சிரித்தார்கள்.

இங்கிலீஷில் மனப்பாடமாக ஒப்பித்த வேறொரு பிள்ளையை அனுப்பினார்கள். அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை, அது என்ன செய்யும்? கொஞ்ச நாளில் தமிழ் வகுப்பையும் நிறுத்தினார்கள்.

"நீங்க ஏன் ஆயா வாயத் தொறந்தீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

புரியாமல் இருந்தால்தான் படிப்பா? எல்லார் பசியையும் ஆற்றுகிறது என்பதற்காகச் சோற்றைச் சோறில்லை என்பாரா அந்த மனிதர்? எனக்குப் புரிந்ததே அவள் எழுதியதற்கு நல்ல பேராக வந்திருக்க வேண்டும். அதையே அவள் தலையில் குறையாகப் போட்டாரே!

அந்தத் தமிழ்ப் புரோகிராமின் பேர் மறந்துவிட்டது. கட்டளைச் சொற்களையும் மாற்றி எழுதியிருப்பேன். தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துப் போடுங்கள். அந்தப் பெரிய மனிதர் சொன்னதில் மட்டும் கை வைக்க வேண்டாம். நான் மறக்காமல் வைத்திருப்பது அது ஒன்றைத்தான்.