பாலோவா, பால்பா?

இன்று மாலை டாக்குரியா ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறி இறங்கியதுமே எனக்கு மூச்சு வாங்கியது. மகளை இழுத்துக்கொண்டு நேராக மருந்துக் கடைக்குப் போய் இன்ஹேலர் கேட்டேன்.

நான் காக்கு (சித்தப்பா) என்று கூப்பிடும் வங்காளிக் கடைக்காரருக்கு என் ஆஸ்துமாவும் தெரியும், இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாததும் தெரியும்.

"ஹாபானி, நா பால்ப்?" என்று கேட்டார்.

ஹாபானி என்றால் ஆஸ்துமா. அடுத்த வார்த்தை என் காதில் ‘பாலோ’ என்று விழுந்தது. இளைக்கிறதா, இல்லை நன்றாக இருக்கிறாயா என்று விசாரிக்கிறார் போல.

"பாலோ, பாலோ!" என்றேன், மூச்சிரைக்க.

எடுத்த இன்ஹேலரைத் திரும்ப வைத்துவிட்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "போஷோ மா, போஷோ! ஹார்ட் டாக்டருக்கு போன் போடு."

யூகேஜி படிக்கும் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, அவர் வால்வான்னு கேட்டார்! நீ ஆமாங்கற!"

"ஐயோ, வால்வு இல்லை காக்கு!"

"அப்போ ஹாபானியா?"

மூச்சு வாங்கினால் இன்ஹேலர் அடி என்கிறார் நுரையீரல் டாக்டர். படபடத்தால் உட்கார்ந்து என்னைக் கூப்பிடு என்கிறார் இதய டாக்டர். இன்ஹேலர் அடித்தாலே எனக்குப் படபடக்கிறதே!

உட்கார்ந்ததில் மூச்சு தணிந்தது. இருவருக்கும் போன் செய்தேன். இருவருமே நாளை வரச் சொல்லிவிட்டார்கள்.

காக்கு தமிழிலேயே கேட்டிருந்தாலும் எனக்கு விடை தெரிந்திருக்காது. இரண்டும் உள்ளவர்களே, நீங்கள் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறீர்கள்? தயவுசெய்து யாரும் "பாலோ" என்று மட்டும் பதில் போடாதீர்கள்.