கமர்கட்டு அணுக்கள்

குமாரபாளையத்திலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு வேதியியல் ஆராய்ச்சியாளர் உட்கார்ந்திருந்தார். மூக்கில் சரியும் கண்ணாடியை ஓயாமல் மேலே தள்ளியபடி, வெயிலில் இளகிய கமர்கட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொன்னும் ஒரு வெள்ளி அணுங்க. சுத்தியும் பன்னெண்டு. நடுவுலயும் வெள்ளியே வெச்சா எடம் பத்தாம நெருக்குமுங்க. சின்னதா ஒரு செம்பு அணு வெச்சா கம்முனு உக்காந்துக்கும்," என்று நடுவில் ஒரு சின்னத் தேன்மிட்டாயை வைத்து மூடினார்.

"இந்தக் குலுக்கலுக்கு நிக்குமுங்களா?"

"சங்ககிரி வரட்டும், பாருங்க!"

சங்ககிரிப் பள்ளத்தில் பஸ் துள்ளியது. யாருடைய கோழியோ என் மடிக்கு வந்தது. என் செருப்பு முன்சீட்டுக்குப் போனது. உருண்டை மட்டும் அசையவில்லை. பஸ்ஸே கைதட்டியது.

வழியில் அவர் இறங்கும்போது அதை எனக்கே கொடுத்துவிட்டார். சேலம் வரை பிரித்துத் தின்னப் பார்த்தேன், ஒன்றுகூட விடுபடவில்லை. இன்றும் கமர்கட்டைக் கண்டால், மூக்கில் இல்லாத கண்ணாடியை மேலே தள்ளிக்கொள்கிறேன்.