யூரியா வாளியில் வீரம்மாவின் கை

வீரம்மாவுக்கு நான் அறுபதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். 2022 தை மாதம் வாங்கியது. எழுத்து இல்லை, சாட்சி இல்லை. ராகலையில் இந்தச் சிவசாமியின் வாய்ச்சொல்லுக்கு மேல் எழுத்து எதற்கு?

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து, மூட்டை சுமந்து, இன்று இரண்டு ஏக்கர் மரக்கறித் தோட்டமும் மாடி வைத்த வீடும் என் பெயரில் இருக்கின்றன. சந்தியில் லீக்ஸ் விலையை நான் சொன்ன பிறகுதான் லொறிக்காரர்கள் வாய் திறப்பார்கள். இதைச் சொல்லிக்கொள்ள நான் வெட்கப்படுகிறவன் இல்லை. ஆனால் இங்கே எழுத வந்தது வீரம்மாவைப் பற்றி.

அவள் எங்கள் லயத்துப் பிள்ளை. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்த நாளிலிருந்து கொழுந்து எடுக்கப் போனதைவிட உரம் கரைக்கப் போனதுதான் அதிகம். பீப்பாயில் தண்ணீர் பிடித்து, யூரியாவைக் கொட்டி, கையாலேயே கலக்குவாள். ஆண்கள் அதை முதுகில் மாட்டிய டாங்கியில் ஊற்றித் தேயிலைக்கு அடிப்பார்கள். யூரியா கரையும்போது தண்ணீர் குளிர்ந்து போகும். வெயிலில் கிடந்த தண்ணீர்கூட முழங்கை வரை கடுக்கும். அதனால் ஸ்டோருக்குப் புது மூட்டை வந்தால் கணக்கப்பிள்ளை அவளைத்தான் கூப்பிடுவார்: "வீரம்மா, கையப் போட்டுச் சொல்லு." குளிர் கையைக் கடித்தால் நல்ல யூரியா. கடிக்காவிட்டால் கலப்படம். அவள் சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை.

புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டான். மகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்கிறான், வருடத்துக்கு ஒருமுறை தீபாவளிக்கு வருவான். ஐம்பத்தைந்து வயதில் அவளைத் தோட்டத்திலிருந்து நிறுத்தினார்கள். சம்பளத்தில் பிடித்துவந்த சேமலாப நிதி கைக்கு வந்தது. பழைய கடன்களைக் கட்டி மிஞ்சியது அறுபதாயிரம். அதை ஒழுகுகிற கூரைக்குத் தகரம் வாங்க வைத்திருந்தாள்.

அது அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தி, உரம் நாட்டிலேயே இல்லாத காலம். என் உருளைக்கிழங்குச் செடி முழங்கால் உயரம் நின்றது. வெளியூர்த் தரகன் சுமன் என்பவன் ஆறு மூட்டை யூரியா இருக்கிறது, மூட்டை இருபதாயிரம் என்றான். என்னிடம் பாதிப் பணம்தான் இருந்தது. வீரம்மாவிடம் போனேன்.

"அண்ணே, அது தகரத்துக்கு வெச்ச காசு. மழைக்குப் படுக்க எடமில்ல."

"கெழங்கு கிண்டுன அன்னைக்கே ஒன் கையில இருக்கும். நான் சொன்னா சொன்னதுதான்."

துணியில் முடிந்ததை அவிழ்த்துக் கொடுத்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு, சுமன் லொறியோடு நின்ற லொறியடிக்குப் போனேன். புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி உறைந்து கிடந்தது. பக்கத்துப் பைப்பில் ஒரு வாளி தண்ணீர் பிடித்து, மூட்டையிலிருந்து இரண்டு சிரங்கை அள்ளிப் போட்டோம். வீரம்மா முழங்கை வரை விட்டுக் கலக்கினாள்.

"கடிக்குதா?" என்று கேட்டேன்.

"கடிக்குதுண்ணே. ஆனா பச்சத் தண்ணியே கடிச்சிச்சு. கையி மரத்துப் போச்சு, ஒன்னும் புரியல்ல. வெயில் வரட்டும். மத்தியானமா ஒருக்கா கலக்கிப் பாப்பம்."

சுமன் சிரித்தான். "மத்தியானம் வரைக்கும் நிக்க இது என்ன தேர்த் திருவிழாவா? பெரியவரே, பின்னால நாலு பேரு காசோட நிக்கிறாங்க."

நான் காத்து நிற்கிறவன் இல்லை. "கடிக்குதுன்னு சொல்லிட்டா இல்ல, எறக்குப்பா!" என்றேன்.

மத்தியானம் என் தோட்டத்தில் பீப்பாய்த் தண்ணீர் வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தது. வீரம்மா அரை மூட்டையைக் கொட்டிக் கலக்கினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நானும் கையை விட்டேன். வெதுவெதுப்பு அப்படியே இருந்தது. அது என்ன உப்போ, இன்றுவரை தெரியாது. சுமனின் போன் வேலை செய்யவில்லை. கிழங்குச் செடி மஞ்சளாகிச் சுருண்டது. கிண்டியது கூலிக்குக்கூடப் போதவில்லை.

ஏமாந்தவன் என்று என்னை யாரும் சொல்லிவிடக் கூடாது. சந்தித் தேத்தண்ணிக் கடையில் கேட்டவர்களிடம், "வீரம்மாதான் கையைப் போட்டு நல்லதுன்னு சொன்னா" என்றேன். அது அவள் காதுக்கும் போனது. அதற்குப் பிறகு உரம் பார்க்க அவளை யாரும் கூப்பிடவில்லை. அவள் என் தோட்டத்துக்கே நாட்கூலிக்கு வந்தாள், களை எடுத்தாள், சாயங்காலம் போனாள். ஒரே ஒருநாள் கேட்டாள்.

"அண்ணே, அந்தத் தகரக் காசு..."

"ஒன் கையாலதான் என் காசும் போச்சு. அத நான் யார்கிட்ட கேக்குறது?"

அவள் திரும்பி லீக்ஸ் பாத்திக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை. மழை பெய்யும் நாட்களில் அவள் காம்பராவில் சட்டி பானை வைத்துத் தண்ணீர் பிடிக்கிறாள் என்று சொன்னார்கள். கேட்டுக்கொண்டு சோறு சாப்பிட்டேன். மூன்று வருடம் அப்படியே போனது.

போன மாதம் என் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் லோஜினி டீச்சர் கொஞ்சம் யூரியா கேட்டாள். பதினோராம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஒரு கிளாஸ் தண்ணீரில் வெப்பமானியை வைத்து யூரியாவைக் கொட்டினாள். இருபதில் நின்றது ஒன்பதுக்கு இறங்கியது.

"இத நாங்க பள்ளிக்கூடம் போகாமலே படிச்சவங்க, டீச்சர்."

"அப்ப காரணம் சொல்லுங்க பாப்பம், ஐயா."

"யூரியான்னா குளிர்ச்சி. அவ்வளவுதான்."

"யூரியாவுல குளிர்ச்சின்னு ஒன்னுமே இல்ல. ஒட்டிக்கிட்டு இருக்கிற மணி பிரிஞ்சு தண்ணியோட கலக்கச் சூடு வேணும். அதத் தண்ணிக்கிட்ட இருந்து எடுக்குது. தண்ணி ஒங்க கையில இருந்து எடுக்குது. வெப்பத்த உறிஞ்சுறதுன்னா இதுதான். வேர்வையும் அப்பிடித்தான், காயிறதுக்குச் சூட்டத் தோல்ல இருந்து வாங்கிக்கிட்டுப் போகுது. உச்சி வெயில்லயும் தேயில எல சுடாது பாத்திருக்கீங்களா? உள்ள இருக்கிற தண்ணிய ஆவியா விட்டுச் சூட்ட வெளிய அனுப்பிருது."

எங்கள் ஆட்கள் கையாலேயே கண்டுபிடித்த வித்தை இது என்று காட்ட, லொறியடிக் கதையைச் சொன்னேன்.

"பனி கொட்டுன காலையிலயா?" என்றாள். "கைக்குத் தன்கிட்ட இருந்து சூடு போறதுதான் ஐயா தெரியும். மரத்துப் போன கைக்கு அதுவும் தெரியாது. வீரம்மாக்கா என்ன சொன்னாங்க?"

"மத்தியானம் பாப்பம்னா."

"அப்ப அவங்க சரியாத்தானே சொல்லியிருக்காங்க."

அவள் ஒன்பது என்று கொப்பியில் எழுதிக்கொண்டாள். நானும் அந்தக் கிளாஸில் விரலை விட்டுப் பார்த்தேன். கடித்தது.

மறுநாள் அதே கடையில், அதே ஆட்கள் முன்னால், "வீரம்மா சொன்னது சரி. கேக்காம எறக்கச் சொன்னவன் நான்" என்றேன். பிழையை நாலு பேர் முன்னால் ஒத்துக்கொண்ட முதலாளி ராகலையில் நான் ஒருவன்தான். பிறகு பணத்தை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். வீரம்மா வாசலில் நின்று தலை முடிந்துகொண்டிருந்தாள். விஷயம் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"கையை நீட்டு," என்றேன். ஐயாயிரம் தாள் பன்னிரண்டை எண்ணி வைத்தேன்.

அவள் கையை மூடவில்லை.

"அன்னைக்கு இருவது தகரமும் ஆணியும் அறுபதாயிரம்ணே. மாசாமாசம் கடையில வெல கேட்டுட்டுத்தான் இருக்கேன். இப்ப ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சொல்றான்."

"நான் வாங்குனது அறுபதுதானே?"

"ஒழுகுனது மூனு வருசம்."

பக்கத்துக் காம்பராவில் யாரோ சிரித்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். கட்டிலைச் சுவரோரமிருந்து நடுவே இழுத்துப் போட்டிருந்தாள், அதன் கால்மாட்டில் ஒரு வாளி. சட்டையின் உள்பையில் கிழங்கு விதைக்கு வைத்திருந்த காசை எடுத்தேன். அறுபத்தஞ்சு, எழுபது, எழுபத்தஞ்சு என்று வாய்விட்டு எண்ணி, நூற்றிப் பத்து வரும் வரைக்கும் ஒவ்வொரு தாளாக அவள் உள்ளங்கையில் வைத்தேன்.