கட்டத்துக்குள் அடங்காத சனிக்கிழமை

கால அட்டவணை போடுகிறவர்களுக்கு இரண்டு விதமான தொலைபேசி அழைப்புத்தான் வரும்: ஒன்று அழுகை, மற்றது சண்டை. யாருக்கு எந்த நாள், எந்த அறை என்று எழுதி ஒட்டி, ஒட்டிய கையோடு ஏச்சு வாங்கியவர்களே, இது உங்களுக்குத்தான்.

இத்தாலியின் பலேர்மோவில், மத்திய ரயில் நிலையத்துக்குக் கிட்ட இருக்கும் ஓர் ஒஸ்தெயோபதிப் பள்ளியின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மருந்தும் கத்தியும் இல்லாமல், கையாலேயே மூட்டையும் தசையையும் பிடித்துப் பார்த்து நோவைக் குறைக்கிற படிப்பு அது. இங்கே எல்லாரும் இத்தாலியனில்தான் பேசுவார்கள். பதினொரு வருடமாக அது என் காதில் யாழ்ப்பாணத் தமிழாக விழுந்தே பழகிவிட்டது, அப்படியே எழுதுகிறேன்; அம்மா என்கிற 'சிஞ்ஞோரா'வை மட்டும் மாற்றவில்லை.

சோடி இல்லாத ஆள்

செய்முறை வகுப்பில் மாணவர்கள் சோடி சோடியாக ஒருவர் மேல் ஒருவர் கைபழகுவார்கள். துறைமுகத்தில் பகுதிநேர வேலை செய்யும் சல்வோ ஒருநாள் வந்து, தன்னை வெள்ளிக் குழுவிலிருந்து வியாழன் குழுவுக்கு மாற்றச் சொல்லிக் கெஞ்சினான். பாவம் என்று மாற்றிவிட்டேன். பன்னிரண்டும் பன்னிரண்டுமாக இருந்த குழுக்கள் பதினொன்றும் பதின்மூன்றுமாகிவிட்டன. இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆள் சோடியில்லாமல் நின்றார்கள்.

புதுச் சோடி கிடைக்கும்வரை வியாழனும் வெள்ளியும் நானே போய்க் கட்டிலில் குப்புறப் படுத்தேன். செய்த பிழைக்கு அனுபவிக்கத்தானே வேண்டும்! என்னோடு ஒரு நாளைக்கு நாலு தடவை தொலைபேசியில் கதைக்கிற சல்வோ, என் முதுகை அழுத்திப் பார்த்துவிட்டுப் பெரிய மனுஷன் மாதிரிச் சொன்னான்: "சிஞ்ஞோரா, உங்கட வலத் தோள் மேல ஏறி நிக்குது. போனைத் தோளில இடுக்கிக்கொண்டு கதைக்கிறதைக் கொஞ்சம் குறையுங்கோ."

கடல் கொந்தளித்த காலை

உடற்கூறு படிப்பிக்கிற பேராசிரியர் நாப்போலியிலிருந்து கப்பலில் வருகிறவர். ஒரு நாள் கடல் கொந்தளித்ததில் கப்பல் மூன்று மணித்தியாலம் பிந்திவிட்டது. நாற்பது பேர் எலும்புக்கூட்டைச் சுற்றி நின்று என்னை முறைத்தார்கள். அவருடைய வகுப்பைப் பின்னேரத்துக்குத் தள்ள, பின்னேர வகுப்பு அடுத்த கிழமைக்குப் போக, அடுத்த கிழமை வேறொருவர் வகுப்பில் போய் முட்டியது. எல்லாவற்றையும் அழித்து எழுதி முடித்தபோது அவர் பெட்டியோடு வந்து நின்று, அட்டவணையை ஆறுதலாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் வடிவாத்தான் போட்டிருக்கிறீங்கள். கடலுக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கலாம்."

டொக்டரோ இல்லையோ

பாடநெறி பற்றிய கேள்விகள் அலுவலகத்தில் மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றால் அங்கேயும் வரும். எங்கள் பள்ளியில் கடைசி வருடம் படிக்கும் ஷெரினின் அப்பா மன்னாரிலிருந்து வந்தவர், ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறார். மகள் படித்து முடித்தால் பெயருக்கு முன்னால் டொக்டர் என்று போடலாமா என்று கேட்டார். இல்லை அண்ணை, இது வேறு படிப்பு, ஆனால் மதிப்பான படிப்பு என்று பத்து நிமிஷம் விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "விளங்குது தங்கச்சி. நாங்கள் ஊருக்கு டொக்டர் எண்டே சொல்லிப்போட்டம். ஆரும் கேட்டா ஓம் எண்டுங்கோ, காணும்."

ஷெரினின் சிக்கல்

கடைசி வருடக்காரர் சனி பின்னேரம் பள்ளியின் சிகிச்சை அறையில், ஆசிரியர் பக்கத்தில் நிற்க, வெளியிலிருந்து வரும் நோயாளிகளைப் பார்க்கவேண்டும். அதே சனி பின்னேரம்தான் ஷெரினுக்கு வேலை. வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில் தனியே இருக்கும் எண்பத்தாறு வயது சிஞ்ஞோரா ரொசாலியாவைப் பார்த்துக்கொள்கிற வேலை. அந்த அம்மா வேறு ஒருவரையும் வீட்டுக்குள் விடமாட்டார். வேலையை விட்டால் படிப்புக்குக் கட்ட வழியில்லை. வருட ஆரம்பத்தில் என்னிடம் சொன்னபோது "பாப்பம்" என்றேன். எங்கள் ஆட்களிடம் அப்படிச் சொன்னால் ஓம் என்றுதான் எடுப்பார்கள். அது தெரிந்தும் சொன்னேன்.

சிகிச்சை அறை தொடங்கி மூன்று சனி போயிருந்தது, மூன்றுக்கும் அவள் வரவில்லை. இன்னும் ஒரு சனி விட்டால் இறுதிப் பரீட்சை எழுத முடியாது, முழு வருடமும் திரும்பப் படிக்கவேண்டும். புதன் குழுவுக்கு மாற்றலாம் என்றால் புதன் அவளுக்கு வேறு வகுப்பு. பள்ளி இயக்குநரிடம் கேட்டேன், விதி விதிதான் என்றுவிட்டார். எனக்கு வெட்கமாகவும் கவலையாகவும் இருந்தது. வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டு எதிரே இருத்தினேன். ஒரு சொல் ஏசியிருந்தாலும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சொன்னது இதுதான்: "பரவாயில்லை அக்கா. அப்பாட்டை மட்டும் நீங்கள் சொல்லுறீங்களோ?"

ஒரு வெற்றுக் கட்டம்

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. சனிக்கிழமை மூன்று மணி நோயாளி வரமாட்டாராம். அந்த இடத்துக்கு ஆள் பிடிப்பதும் என் வேலைதான். பெயரை அழித்தேன். வெற்றுக் கட்டத்தைப் பார்த்தேன், ஷெரினைப் பார்த்தேன். "உன்ர சிஞ்ஞோராவுக்கு எங்கையாவது நோகுதோ?" என்று கேட்டேன். "எங்கை நோகேல்லை எண்டு கேளுங்கோ அக்கா" என்றாள்.

ஆசிரியரிடம் கேட்டேன், வரட்டும் என்றார். சனி பின்னேரம் சிஞ்ஞோரா ரொசாலியா ஷெரினின் கையைப் பிடித்தபடி, முத்துத் தோடும் உதட்டுச் சாயமுமாக, கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி வந்தார். அந்த மூன்று மணிக்கு அவர் கழுத்தை ஷெரின் பார்த்தாள். மிச்ச நேரம் ஷெரின் மற்ற நோயாளிகளைப் பார்க்க, அவர் என் மேசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, கேள்வியோடு வந்த மாணவர்களுக்கெல்லாம் என்னை முந்திக்கொண்டு பதில் சொன்னார். இரண்டு வருடமாகத் தன்னைக் குளிப்பாட்டி உடுத்திவிட்ட பிள்ளை இதைத்தான் படிக்கிறது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று ஷெரின் சொல்லாமலே இருந்திருக்கிறாள். அவளுக்கு அன்று வரவு போட்டேன். பின்னேரம் புறப்படும்போது சிஞ்ஞோரா கைத்தடியால் என் அட்டவணையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்: "பரீட்சை வரைக்கும் எல்லாச் சனியும் என்ர பேரை எழுதுங்கோ. அவளுக்கு வேலை இருக்கெண்டு இனிச் சாட்டுச் சொல்லாதேங்கோ, அந்த வேலை நான்தான், நானே இஞ்சை வந்திட்டன்."

பதினொரு வருடம் மாணவர்களையே அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டிருந்த எனக்கு, குறுக்கே நிற்கிற வேலையையே கையைப் பிடித்து வகுப்புக்குக் கூட்டி வரலாம் என்பது இவ்வளவு பிந்தித்தான் விளங்கியது.