கயிற்றக்காவின் முடிச்சு

தினமும் காலையில் சுற்றுலாப் படகு ஒன்று அந்தச் சின்னத் தீவை ஒட்டிப் போகும். வழிகாட்டி ஒலிபெருக்கியில் அளந்துவிடுவான்: "வலது பக்கம் பாருங்க, ஆளில்லாத் தீவு. கடைசிக் குடும்பம் காலி பண்ணிப் பல வருஷமாச்சு."

அந்த நேரத்தில்தான் தீவின் பத்தொன்பது வீடுகளில் ஒன்றில் கயிற்றக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறும். "காலி பண்ணிட்டேனா? அப்போ இந்தப் புடவையைப் பேயா கட்டுது?" என்று கத்துவாள். இன்ஜின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்!

அவள் பிறந்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் இங்கேதான். அப்போது தீவு முழுக்கக் கல்லுடைக்கும் சத்தம். எதிரே பெரிய தீவில் மினுக்கிக்கொண்டு நிற்கிறதே துறைமுகச் சுவர், அது இந்தத் தீவின் வயிற்றை அறுத்துக் கட்டியது. அவள் அப்பாவின் இரண்டு விரல்கள் அதில்தான் போயின. சுவர் முடிந்தது, வேலையும் முடிந்தது, பாதி ஊர் மூட்டை கட்டியது. இவள் படகுத்துறையில் வேலைக்குச் சேர்ந்தாள். பெரிய தீவுக்குப் போய்வரும் பயணிகள் படகு துறைக்கு வந்ததும், அதிலிருந்து எறியும் கயிற்றைப் பிடித்துக் கரையில் நட்ட கட்டையில் மாட்ட வேண்டும். மழையோ காய்ச்சலோ, அந்தக் கயிற்றை அவள் ஒருநாளும் தண்ணீரில் விழ விட்டதில்லை.

போன மாதம் அந்தப் படகை நிறுத்திவிட்டார்கள். அதற்கும் சுற்றுலாப் படகுக்கும் முதலாளி ஒருவர்தான். "ஆளில்லாத இடத்துக்குப் படகு எதுக்கு?" என்றாராம். கயிற்றக்காவின் புருஷனுக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இரண்டு தடவை பெரிய தீவு ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்தால்தான் உயிர். மீன் பிடிக்கிறவர்களின் கையைக் காலைப் பிடித்து அழைத்துப்போனாள். எத்தனை நாளைக்கு முடியும்?

ஒருநாள் சுற்றுலாப் படகே இன்ஜின் கோளாறாகித் தள்ளாடிக்கொண்டு துறைக்கு வந்தது. வழிகாட்டி கயிற்றை எறிந்தான். வயிறு எரிந்தாலும் அவள் கை பிடித்துவிட்டது.

"ஆளில்லாத் தீவுல கயிறு பிடிச்சது யாரு தம்பி?"

அவன் அசடு வழிந்தான். இறங்கிய பயணிகளில் ஒருவர், "அடுத்த படகு எப்போம்மா?" என்றார்.

"அதை இவங்க முதலாளிகிட்ட கேளுங்க."

முதலாளிக்குப் போன் பறந்தது. கொஞ்ச நேரத்தில், நிறுத்திய அதே பயணிகள் படகு விழுந்தடித்துக்கொண்டு வந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் மூச்சு வாங்கிக் கிடந்தபோது வராத படகு, வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு வருகிறது! கயிற்றைப் பிடித்தாள், மாட்டினாள், கட்டைமேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பயணிகள் ஏறியதும் படகோட்டி கெஞ்சினான். "அக்கா, அவிழ்த்து விடுங்க."

"முதலாளிக்குப் போனைப் போடு."

"யாரும்மா நீ?" என்று போனில் எகிறினார் அவர்.

"இல்லாத ஆளுதான் பேசுறேன். நாளையிலேருந்து படகு வரும்னு சொல்லுங்க, எந்திரிக்கிறேன்."

"சொல்லித் தொலைங்க சார், எங்களுக்கு நேரமாகுது!" என்று படகிலிருந்து யாரோ கத்தினார்கள்.

"சரி, வரும்" என்றார் முதலாளி.

"தம்பி, அதை மைக்குல சொல்லு."

வழிகாட்டி ஒலிபெருக்கியை எடுத்தான். "இந்தத் தீவுல ஆளுங்க இருக்காங்க. நாளையிலேருந்து படகு இங்க நிக்கும்."

அவள் அப்போதும் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்னக்கா?" என்றான் படகோட்டி.

"இன்னிக்கு ஆஸ்பத்திரி நாள். அதோ, என் வீட்டுக்காரர் பையைத் தூக்கிட்டு வந்துட்டிருக்கார். அவர் மெதுவாத்தான் வருவார். ஏறட்டும், அவிழ்க்கிறேன்."