ஊரெல்லாம் கேட்டுவிட்டு வக்கீலிடம்

கிரிமினல் வக்கீல் ஆபீஸுக்கு யாரும் தனக்காக வருவதில்லை. வருகிற அத்தனை பேரும் பக்கத்து வீட்டுக்காரனுக்காகத்தான் வருகிறார்கள்.

நான் பதினொன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவள். ஏன் விட்டாய் என்று கேட்காதீர்கள். பிடிக்கவில்லை, விட்டேன். இப்போது திருத்தணியில் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கிரிமினல் வக்கீலின் ஆபீஸில் முன் மேசையில் உட்காருகிறேன். போன் எடுப்பது, வாய்தா தேதி சொல்வது, அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, கத்துகிறவர்களை உட்கார வைப்பது. இதுதான் வேலை. "கொலைகாரன்லாம் வருவானாமே" என்று அம்மா பயந்தாள். கொலைக் கேஸ்காரர்கள் சொன்ன நேரத்துக்கு வருகிறார்கள், சொன்னதைக் கேட்கிறார்கள். சின்னக் கேஸ்காரர்கள்தான் உயிரை வாங்குகிறார்கள். ஆஸ்பத்திரியிலோ பேங்கிலோ மெக்கானிக் கடையிலோ முன் மேசையில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு இது புரியும். எல்லாம் முற்றின பிறகு வருகிறவனுடைய முகத்தைத்தான் நாம் தினமும் பார்க்கிறோம்.

கீழே உள்ளதெல்லாம் ஒரே கேஸில் நடந்தவை. பேர்களை மாற்றிவிட்டேன். சார் மாற்றச் சொன்னார்.

பக்கத்து வீட்டுப் பையன்

முதலில் வந்தவர் ஆந்திரா எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நகரிக்காரர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு போன். அம்மையார்குப்பத்தில் இவருக்கு மாமனார் வீடு. பவர்லூம் ஓட்டுகிற குடும்பம். மச்சான் பேர் யுவராஜ். அக்கா வீட்டுக்காரர் என்பதால் யுவராஜ் இவரைப் பாவா என்று கூப்பிடுவான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அவர் சொன்னது, "பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன்."

அந்தப் பக்கத்து வீட்டுப் பையன் ரயில்வே பரீட்சை எழுதி வேலைக்குத் தேர்வாகியிருந்தான். அரக்கோணத்தில் போஸ்டிங் கிடைக்கும் என்று வீடே காத்திருந்தது. ஆர்டர் வருவதற்கு முன்னால் போலீஸ் விசாரிப்பார்கள், இவன் மேல் கேஸ் ஏதாவது உண்டா என்று. அந்த நேரம் பார்த்து, இவர்கள் தறிக்குப் பாவு நூல் கொண்டுவந்த வண்டியின் குறுக்கே எதிர்வீட்டு லோகு பைக்கை நிறுத்தியிருக்கிறான். வாய்ச்சண்டை. லோகு ஸ்பேனரால் இவன் மண்டையில் ஒன்று போட்டான். இவன் தள்ளினான். லோகு விழுந்ததில் கை எலும்பு முறிந்தது. லோகு நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். ஸ்பேனரால் அடித்தது யுவராஜ்தான் என்று புகாரும் கொடுத்துவிட்டான். யுவராஜ் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.

சார் ஒன்றும் சுற்றி வளைக்கவில்லை. பையனை இன்றைக்கே கூட்டி வாருங்கள், மண்டைக் காயத்தை ஆஸ்பத்திரியில் காட்டிப் பதிய வைக்க வேண்டும், நம் பக்கத்துப் புகாரையும் கொடுக்க வேண்டும், ஸ்டேஷனில் கூப்பிட்டால் நானும் கூட வருகிறேன், அதுவரைக்கும் அவன் யாரிடமும் எதுவும் பேசக் கூடாது என்றார். பாவா இரண்டு போனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எழுந்து வாசலுக்கு வந்து, செருப்பு மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இப்பவே வக்கீல் வச்சா தப்பு பண்ணவன் நாமதான்னு ஆயிடும் பாப்பா. மொதல்ல நாலு பேரைப் பாக்கலாம்."

மன்னிப்பு

நாலு பேரைப் பார்த்தார்கள். அதில் ஒருவர் அரசியல் கட்சிக்காரர். "லோகு கிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுட்டா அவன் மனசு எறங்கிடும், ஸ்டேஷன்ல நான் பேசிக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். நேரில் போக வெட்கப்பட்டு யுவராஜ் வாட்ஸப்பில் பேசி அனுப்பினான். லோகு மனசு இறங்கினதாகத் தெரியவில்லை. அதை அப்படியே ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டான்.

யுவராஜின் அம்மா சரோஜா போனை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். "பக்கத்து வீட்டுல ஒரு புள்ளைங்க..." என்று ஆரம்பித்தார். "ரயில்வே புள்ளைதானம்மா?" என்றேன். அழ ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் கொடுத்து உள்ளே அனுப்பினேன். கதவு திறந்துதான் இருந்தது, போனில் பையன் குரல் எனக்கும் கேட்டது: "லோகண்ணா, கோவத்துல அடிச்சிட்டேண்ணா. தப்பு என்னுதுதான். கேஸு கீஸு வேணாண்ணா." சார் அதை இரண்டு தடவை கேட்டார். பிறகு மெதுவாக, "உங்க பையன் அடிச்சானா, தள்ளினானா?" என்றார். "தள்ளினான் சார்." "அப்புறம் ஏம்மா அடிச்சேன்னு சொல்லியிருக்கான்?" அந்த அம்மா சாரை ஒன்றும் தெரியாதவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்: "மன்னிப்பு கேக்கறப்ப கொஞ்சம் கூடத்தானே சார் கேப்பாங்க, கொறைச்சா கேப்பாங்க?"

வேற ஸ்டேட்டு

பையனை அனுப்பச் சொன்னால், ஊரிலேயே இல்லை. விசாரணைக்கு வரச்சொல்லி ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததும் பாவா அவனைப் பைக்கில் உட்கார வைத்து நகரிக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கள் பக்கத்தில் இது ஒரு பழைய நம்பிக்கை. செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் தமிழ்நாட்டுப் போலீஸ் கண்ணுக்குத் தெரியமாட்டோம் என்று. நான் யுவராஜ் நம்பருக்குப் போட்டேன், பாவா எடுத்தார். "இன்னாத்துக்குப் பயப்படறே? ஆந்திராவுல கீறான். ஸ்டேட்டே வேற" என்றார். "அண்ணா, நகரிக்கு இங்கேர்ந்து ஷேர் ஆட்டோ ஓடுது. போலீஸுக்கு ஜீப்பே கீது" என்றேன். சின்னப் பெண் வாய் பேசுகிறேன் என்று சாரிடம் புகார் சொன்னார்.

அதற்குள் எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது. ஸ்பேனர் இருந்ததால் ஸ்டேஷனிலேயே ஜாமீன் தர முடியாத பிரிவு. அந்த ஸ்டேஷன் ஏட்டு வேறொரு கேஸ் விஷயமாகக் கோர்ட்டுக்கு வந்தவர், எங்கள் ஆபீஸில் ஃபேன் நன்றாக ஓடும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். நகரிக்குப் போய்ப் பிடிக்க முடியாதாமே சார் என்று கேட்டேன். "ஏம்மா புடிக்க முடியாது? ஆனா ஆளு ஓடிட்டான்னு எழுதறது அதை விட ஈஸி" என்றார்.

முடி

ஒருநாள் மத்தியானம் சரோஜாம்மாவும் பாவாவும் வந்தார்கள். கூட ஒரு மொட்டை, தலை நிறையச் சந்தனம். திருத்தணியில் மொட்டையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? நான் பார்க்கவில்லை. "எங்கம்மா உங்க பையன்?" என்று கேட்டேன். மொட்டைதான் "ஆங்" என்றது. கேஸ் இல்லாமல் போக வேண்டுமென்று வேண்டிக்கொண்டு, நகரியிலிருந்து நேராக மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு, அப்படியே இறங்கி எங்களிடம் வந்திருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆரில் அடையாளம், தோள்வரை முடி வளர்த்தவன் என்று இருக்கிறது. சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "முருகனுக்குக் குடுத்தது தப்பாங்க சார்?" என்றார் அம்மா. "தப்பில்லம்மா. ஆனா வேற மாநிலத்துக்கு ஓடிட்டான், அடையாளத்தையும் மாத்திக்கிட்டான்னு அவங்க சொல்வாங்க. கேஸ் முடிஞ்சப்புறம் குடுத்திருந்தா முருகன் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டார்."

சரி, மண்டைக் காயத்தைக் காட்டு என்றார் சார். யுவராஜ் குனிந்தான். சந்தனத்தைத் துடைத்தால், உச்சிக்குப் பின்னால் நூல் மாதிரி ஒரு கோடு. ஆஸ்பத்திரிக்கே போகவில்லையா என்று நான் கேட்டேன். "போனா போலீஸ் கேஸ் ஆயிடும்னு பாவா சொன்னாருங்க." "கேஸ் ஆவலைன்னா இப்ப எதுக்கு இங்க வந்துகினு கீறீங்க?" என்றேன். சார் என்னை முறைத்தார். காயம்பட்ட அன்றைக்கே காப்பித்தூளை வைத்து அழுத்தினதாகச் சரோஜாம்மா சொன்னார். சாவுச் செய்தி கேட்டவர் மாதிரி சார் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவுக்கு மட்டும் முகமெல்லாம் சந்தோஷம்: "சாமி புண்ணியத்துல தழும்பு கூடப் பெருசா தெரியலைங்க சார், நல்லா ஆறிடுச்சு."

வண்டிக்காரர்

பாவு வண்டி ஓட்டினவர் யார் என்று சார் கேட்டார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்சிக்காரரைப் பார்த்திருக்கிறார்கள், ஜோசியரைப் பார்த்திருக்கிறார்கள், சண்டையைப் பார்த்தவரை மட்டும் யாரும் பார்க்கவில்லை. மணவூர்க்காரர். போனில் பிடித்து வரவழைத்தேன். ஸ்பேனர் லோகு கையில்தான் இருந்தது, அவன்தான் முதலில் அடித்தான், இவன் தலையிலிருந்து ரத்தம் ஒழுகினது என்று எல்லாவற்றையும் சொல்லி, எழுதியும் கொடுத்தார். அவர் இதையெல்லாம் மறைத்து வைத்திருந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். "கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேங்க, எவனும் கேக்கலையே."

முன்ஜாமீன்

கைது ஆகிவிட்டால் ரயில்வே வேலையை மறந்துவிட வேண்டியதுதான். முன்ஜாமீன் மனு திருவள்ளூர் கோர்ட்டில். கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு நானும் ரயிலில் போனேன். அரசு வக்கீல் எழுந்து, இப்படிச் சொல்வார்கள் என்று சார் சொன்னதையெல்லாம் வரிசையாகச் சொன்னார். அடித்ததை இவனே ஒப்புக்கொண்டு பேசியிருக்கிறான். வேற மாநிலத்துக்கு ஓடிவிட்டான். அடையாளம் தெரியாமலிருக்க மொட்டை அடித்துக்கொண்டான். ஒவ்வொன்றையும் கேட்கும்போது எனக்கே இவன் பெரிய ரௌடி என்று தோன்ற ஆரம்பித்தது. ஒன்றுகூட லோகு செய்ததில்லை. எல்லாம் இவர்களே செய்துகொண்டது.

சார் வண்டிக்காரர் சொன்னதைப் படித்தார். அடிச்சேன் என்றது பயத்தில் சொன்ன வார்த்தை என்றார். மொட்டைக்கு வந்ததும், மலையில் எடுத்த போட்டோவைக் கொடுத்தார். அம்மா, அக்கா, பாவா எல்லாரும் நடுவில் மொட்டையை நிற்க வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தலைமறைவானவன் குடும்பத்தோடு போட்டோவுக்கு நிற்பானா என்றார். ஜட்ஜம்மா போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முன்ஜாமீன் கொடுத்தார்; தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. அரசு வக்கீலைப் பார்த்து ஒன்று சொன்னார்: "திருத்தணியில மொட்டை போட்டவங்களையெல்லாம் தலைமறைவுன்னா ஜெயில் பத்தாதுங்களே."

விசாரிக்க வந்த போன்

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ரயில்வே வேலைக்கான போலீஸ் விசாரணை வந்துவிட்டது. விவரம் கேட்டு யுவராஜுக்குப் போன். பாவா யோசனை தயார்: "கேஸுன்னு எதுவும் இல்லைன்னு சொல்லிடு. அவங்க வேற டிபார்ட்மெண்டு, அவங்களுக்கு எப்டித் தெரியும்?" யுவராஜ் எனக்குப் போன் பண்ணினான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் இன்னும் எதுவும் சொல்லலைங்க. சொல்றதுக்கு முன்னாடி கேக்கறேன்" என்றான். நான் சார் ரூமுக்கு ஓடினேன். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்னால் ஒருவன் எங்களுக்குப் போன் பண்ணினது அதுதான் முதல் தடவை.

உள்ளதைச் சொல், கோர்ட் உத்தரவின் நகலையும் கொடு, கேஸ் இருப்பதால் வேலை தள்ளிப்போகலாம், மறைத்தால் வேலைக்குச் சேர்ந்த பிறகும் தூக்கிவிடுவார்கள் என்றார் சார். யுவராஜ் அப்படியே செய்தான். ஆர்டர் நின்றுபோனது. மறுநாள் பாவா ஆபீஸுக்கே வந்துவிட்டார். இரண்டு போனையும் என் மேசைமேல் வைத்துவிட்டுக் கத்தினார்: "உண்மைய சொல்றதுக்கு வக்கீல் எதுக்கும்மா? அத நாங்களே சொல்லியிருப்போமே!"

ஆர்டர்

நம் பக்கத்துப் புகாரும், வண்டிக்காரரின் வாக்குமூலமும் ஸ்டேஷனுக்குப் போனதும் லோகுவுக்குக் கை வலி குறைந்துவிட்டது. எதிரெதிரே தறி ஓட்டுகிறவர்கள், எத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியும்? இரண்டு பக்கமும் சமாதானமாகி, சென்னை ஹைகோர்ட்டில் மனுப் போட்டு, கேஸை ரத்து செய்ய மாதக்கணக்கில் ஆனது. யுவராஜுக்கு முடி முழுசாக வளர்ந்துவிட்டது. ஆர்டரும் வந்தது. ஆனால் அவனோடு பரீட்சை எழுதினவர்கள் எல்லாம் முன்பே சேர்ந்து அவனுக்கு சீனியர் ஆகிவிட்டார்கள். அன்றைக்கே காயத்தைப் பதிந்து புகாரும் கொடுத்திருந்தால் இதெல்லாம் ஸ்டேஷனிலேயே முடிந்திருக்கும் என்று சார் சொன்னார். பாவா அன்றைக்கு வரவில்லை.

போன வாரம் அரக்கோணத்திலிருந்து அவன் போன். பின்னால் ரயில் சத்தம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போகிறார்களாம், சார் ஃப்ரீயா என்று கேட்டான். "அண்ணா, இது கிரிமினல் ஆபீஸு. பொண்ணு பாக்கறது குத்தமில்லை" என்றேன். "தெரியும்ங்க. எதுக்கும் போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுடலாம்னுதான்."

சீக்கிரம் வக்கீலைப் பார்த்தவன் தப்பு செய்தவன் என்று ஊர் நினைக்கிறது, லேட்டாகப் பார்த்தவனைக் கோர்ட்டே அப்படி நினைத்துவிடுகிறது.